அயர்லாந்துக்கு ஒரு டிரிப் ஷீட்

என் மாமனார் முப்பத்தோரு வருடம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர். கூண்டு மாதிரி ஒரு அறை, கையில் சிவப்பு மைப் பேனா, ஜன்னலுக்கு வெளியே வரிசையாகக் கண்டக்டர்கள். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகியும் மனசு அந்தக் கூண்டுக்குள்தான் இருக்கிறது. வீட்டில் யாராவது தயிர் வாங்கக் கிளம்பினால்கூடக் கடிகாரத்தைப் பார்ப்பார். திரும்பி வந்ததும் மறுபடியும் பார்ப்பார். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார்.

போன ஜூனில் அவரும் அத்தையும் டப்ளினுக்கு வந்தார்கள். மூன்றாவது நாள் காலை காப்பியோடு ஆரம்பித்தார்.

"அஞ்சு நாள் லீவு போட்டிருக்கீங்கன்னு பாப்பா சொன்னா. ரூட் என்ன மாப்ள?"

"கெர்ரி பக்கம் போகலாம் மாமா. போயிட்டு அங்க பாத்துக்கலாம்."

"பாத்துக்கலாமா?"

அந்த ஒரு வார்த்தையை அவர் சொன்ன தொனியில் எத்தனை டிரைவர்கள் மெமோ வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அயர்லாந்து வரைபடம் விரிக்கப்பட்டது. மேற்குக் கரை நெடுக 'வைல்ட் அட்லாண்டிக் வே' என்று ஒரு கோடு வளைந்து வளைந்து போகும். வடக்கே டோனிகால் தொடங்கித் தெற்கே கார்க் மாவட்டத்தின் கின்சேல் வரை 2,500 கிலோமீட்டர். 2014ல் சுற்றுலாவுக்காகத் தொடங்கிய பாதை. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணக்குப் போட்டார்.

"நாகர்கோவில் மெட்ராஸ் எழுநூறு கிலோமீட்டர். சாயந்தரம் ஏறினா காலைல இறங்கிரலாம். அப்போ இது நாலு ராத்திரி. அஞ்சு நாள்ல ஒரு நாள் மிச்சம்."

"மாமா, ராத்திரில போனா எதையும் பாக்க முடியாதே."

"ஆமா, அது ஒண்ணு இருக்கு" என்று ஒத்துக்கொண்டார். பிறகு பேத்தியின் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார். இடம், வரும் நேரம், கிளம்பும் நேரம், கி.மீ., குறிப்பு. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு ஆறாவதாக ஒரு கட்டம் போடச் சொன்னார்: பாத்ரூம். ஊர் ஊராகக் குடும்பத்தோடு போய் வந்தவர்களுக்குத் தெரியும், கடைசியில் பயணத்தை நடத்துவது அந்த ஆறாவது கட்டம்தான்.

முதல் ஷீட்டை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். டப்ளின் காலை 5.00. காஷல் கோட்டை 7.00, பத்து நிமிடம். கில்லார்னி 9.10. 'ரிங் ஆஃப் கெர்ரி' என்ற வட்டப் பாதை ஒரு சுற்று, டீயோடு சேர்த்து மூன்றரை மணி நேரம். டிங்கிள் 2.00. மோஹர் செங்குத்துப் பாறைகள் 5.00. இரவு கால்வேயில் ஹால்ட். இது முதல் நாளுக்கு மட்டும்.

"ரிங் ஆஃப் கெர்ரிக்கே ஒரு முழு நாள் வேணும் மாமா."

"நூத்தி எழுபத்தொம்பது கிலோமீட்டர்தானே போட்டிருக்கு? வழியில பாலம் ஏதும் உடைஞ்சிருக்கா?"

அப்போதுதான் இந்த ஊர் ரோடுகளின் ஜாதகத்தை எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. 'எம்' என்றால் மோட்டார்வே. 'என்' என்றால் தேசிய நெடுஞ்சாலை. 'ஆர்' வட்டாரச் சாலை. 'எல்' என்று போட்டிருந்தால் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். இரண்டு பக்கமும் கற்சுவர் அல்லது புதர்வேலி, நடுரோட்டில் தலைவகிடு மாதிரி ஒரு வரிசை புல். எதிரே டிராக்டர் வந்தால் இரண்டு பேரில் ஒருவர் பின்னால் போக வேண்டும், அந்த ஒருவர் எப்போதும் நாம்தான். 2025 பிப்ரவரி வரை இந்த ரோடுகளில் பொதுவாக 80 வரை போகலாம் என்று சட்டம் இருந்தது. இப்போது 60. அந்த 60ஐயும் நான் இதுவரை தொட்டதில்லை. போதாததற்கு, பறவைகள் கூடு கட்டும் காலம் என்று மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை புதர்வேலியை வெட்டத் தடை. ரோட்டுப் பாதுகாப்புக்காக வெட்டினால்தான் உண்டு. ஆக, நாம் போகிற ஜூனில் வேலி நன்றாகக் கொழுத்து, கார் கண்ணாடியை உரசி நலம் விசாரிக்கும்.

மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ மலை ரூட் டைமிங் போடணும். இதை நீங்க மொதல்லயே சொல்லிருக்கணும்" என்றார்.

இன்னொன்றும் சொல்லித் தொலைத்தேன். ரிங் ஆஃப் கெர்ரியில் சுற்றுலா பஸ்கள் எல்லாம் இடஞ்சுழியாகத்தான் போகும். நாமும் அப்படியே போனால் பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே சுற்றலாம். வலஞ்சுழியாகப் போனால் ஒவ்வொரு பஸ்ஸையும் நேருக்கு நேர் சந்திக்கலாம்.

பஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கேட்டு வாங்கினார். தட்டின் விளிம்புதான் ரோடு. ஐந்து சென்ட் காசுகள் ஆறு, அவை பஸ்கள். ஒரு புளியங்கொட்டை, அது எங்கள் கார். (டப்ளினில் புளியங்கொட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். அத்தையின் பெட்டியில் இல்லாத பொருள் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.) காசுகளை ஒவ்வொன்றாக நகர்த்துவார், கொட்டையை நகர்த்துவார், உதட்டைப் பிதுக்குவார். மணி பத்தாகியும் ஜன்னலில் வெளிச்சம் இருந்ததால் நேரம் போனதே யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் தீர்ப்பு வந்தது: "காலைல ஏழு மணிக்கு மொத சிங்கிள் எடுத்துரணும். பஸ்ஸுக்கு முன்னாடி நாம."

தங்குமிடத்தில் காலைச் சாப்பாடு எட்டு மணிக்குத்தான் தொடங்கும். வாடகையோடு சேர்த்துக் காசு கொடுத்தாயிற்று. அத்தை ஒரு வரியில் முடித்தார்: "காசு குடுத்த சாப்பாட்ட விட்டுட்டு நான் வர மாட்டேன்." மாமா புளியங்கொட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தங்குமிடத்தின் விலாசம் இன்னொரு கூத்து. தெரு கிடையாது, கதவு எண் கிடையாது. வீட்டுப் பெயர், சிற்றூர்ப் பெயர், அவ்வளவுதான். 2015ல்தான் 'எயர்கோடு' என்று ஏழு எழுத்தில் ஒன்று கொண்டுவந்தார்கள். "பின்கோடுதானே?" என்றார் மாமா. "ஊருக்கு ஒண்ணு இல்ல மாமா, வீட்டுக்கு ஒண்ணு." சற்று நேரம் பேசவில்லை. "தபால்காரனுக்கு இங்க வேலையே இல்லையே" என்று வருத்தப்பட்டார்.

கிளம்பினோம். கில்லார்னி வரை மட்டும் என்று திருத்திப் போட்ட முதல் நாள் ஷீட் அப்படியே நடந்தது, ஏனென்றால் பெரும்பகுதி மோட்டார்வே. மனிகாலில் 'பராக் ஒபாமா பிளாசா' என்ற பெட்ரோல் பங்க்கில் ஆறாவது கட்டத்துக்காக நிறுத்தினோம். ஒபாமாவுக்கு இங்கே என்ன வேலை என்றார் அத்தை. அவருடைய தாய்வழி முன்னோர் ஒருவர் இந்தக் கிராமத்திலிருந்து அமெரிக்கா போனவர், 2011ல் ஒபாமாவே வந்து பார்த்துவிட்டுப் போனார், அதற்குப் பிறகு இது வந்தது என்றேன். "பாத்ரூம் சுத்தமா இருக்கு. நல்ல குடும்பம்" என்றார்.

மறுநாள் கில்லார்னியில் அத்தை ஓட்ஸ் கஞ்சிக்கு நாரத்தங்காய் ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டு எழுந்திருக்கும்போது மணி ஒன்பதரை. பஸ்ஸுக்கு முன்னால் போவது முடியாது, பின்னால் போகத் தன்மானம் விடவில்லை. வலஞ்சுழியாகக் கிளம்பினோம். லேடீஸ் வியூ, மோல்ஸ் கேப், கென்மேர் வரை ராஜபாட்டை. ஸ்னீம் தாண்டி ஒரு வளைவில் தட்டின் முதல் காசு எதிரே வந்தது.

நிஜத்தில் அது பெரிய காசு. ஒரு பக்கம் பாறை. எங்கள் பக்கம் சிவப்புப் பூக்கள் தொங்கும் ஃபூஷியா வேலி. நான் பின்னால் எடுக்கலாமா என்று யோசிப்பதற்குள் மாமா கதவைத் திறந்து இறங்கிவிட்டார். மழைக்கோட்டு, குரங்குக் குல்லாய், கையில் டிரிப் ஷீட். எனக்கு வேலிப் பக்கம் ஒதுங்கச் சொல்லிக் கை காட்டினார். பிறகு பஸ் டிரைவரைப் பார்த்து, "வரலாம் வரலாம் வரலாம்... லெஃப்ட் ஒடி... ஹோல்டான்! வரலாம் வரலாம்" என்றார். சுத்தத் தமிழில். அந்த டிரைவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை, சொன்னபடி செய்தார். என் கண்ணாடிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு தோசை போகிற அளவு இடம். பஸ் பாதி கடந்ததும் அதன் விலாவில் உள்ளங்கையால் இரண்டு முறை தட்டி, "ரைட், போலாம்" என்றார். டிரைவர் ஒரு ஹார்ன் கொடுத்தார். உள்ளே இருந்த ஐம்பது பேரும் கை தட்டினார்கள். மாமா திரும்பிப் பார்க்காமல் வந்து ஏறி, சீட் பெல்ட் போட்டு, ஷீட்டில் எழுதினார்: "எதிர் வண்டி. 4 நிமிடம் தாமதம்."

அன்று முழுக்க ஒரு சந்தேகம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. எதிரே வருகிற ஒவ்வொருவரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டுகிறார்களே, ஏன்? கிராமத்து ரோட்டில் அதுதான் வணக்கம் என்றேன். அதிலிருந்து முன்சீட்டில் உட்கார்ந்து அவரும் விரலைத் தூக்கிக்கொண்டே வந்தார். ஆட்டுக்கும் தூக்கினார்.

டிங்கிளில் ஒரு இரவு. அந்தத் தீபகற்பத்தின் மேற்குப் பக்கம் ஐரிஷ் பேசும் பகுதி. 2005ல் அரசாங்கம் பலகைகளில் ஐரிஷ் பெயர் மட்டும் போதும் என்று முடிவெடுக்க, ஊர்க்காரர்கள் அடுத்த வருடமே வாக்கெடுப்பில் எதிர்த்து, 2011ல் சட்டத்தால் 'டிங்கிள்' என்ற பழைய பெயரையும் திரும்ப வாங்கினார்கள். "தூத்துக்குடி, டூட்டிகோரின் மாதிரி" என்று மாமா சரியாகப் பிடித்துவிட்டார். துறைமுகத்தில் ஃபங்கி என்ற டால்பினின் சிலை. 1983லிருந்து அந்த வளைகுடாவில் படகுகளோடு விளையாடிக்கொண்டிருந்தது, 2020 அக்டோபரில் காணாமல் போனது. ஷீட்டில் குறிப்பு: "டால்பின். 37 வருட சர்வீஸ். மாற்று ஆள் போடவில்லை."

நான்காம் நாள் கானர் பாஸ் மலைப்பாதை. இரண்டு டன்னுக்கு மேல் வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்ற பலகையைப் பார்த்து, பஸ் வராது என்று எனக்கு நிம்மதி, அவருக்கு ஏமாற்றம். அங்கிருந்து டார்பர்ட் வந்து, ஷானன் ஆற்று முகத்துவாரத்தைக் கடக்கும் ஃபெர்ரியில் காரோடு ஏறினோம். சுற்றிப் போனால் நூறு கிலோமீட்டருக்கு மேல், இதில் இருபது நிமிடம். அரை மணி அடித்ததும் கிளம்பும் என்று போட்டிருந்தது. சரியாக 1.30க்குக் கயிற்றை அவிழ்த்தார்கள். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். ஐந்து நாளில் அவர் முகம் அப்படி மலர்ந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

மோஹர் போய்ச் சேர்ந்தபோது நாலேகால். 214 மீட்டர் உயரப் பாறை என்று பலகையில் படித்தோம். முன்னால் வெள்ளையாக ஒரு மூடுபனி, அதற்குள்ளிருந்து அலைச் சத்தம், கடல்பறவைச் சத்தம். அத்தையின் குடை ஒரே காற்றில் பூப்போல விரிந்து பின்பக்கம் போய்விட்டது. "போலாம் மாமா, இன்னிக்கு விலகாது" என்றேன்.

"இருங்க மாப்ள. லேட்டானாலும் வரும். இப்படிச் சொல்லி எத்தனை பேரை உக்கார வச்சிருக்கேன்."

நின்றோம். பேத்தி தூங்கிவிட்டாள். அரை மணிக்கு மேல் ஆகியிருக்கும், யாரோ திரையை இழுத்த மாதிரிப் பனி ஒதுங்கி, கறுப்புப் பாறைகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நின்றன. யாரும் பேசவில்லை. நான் போனை எடுத்துக் கேமராவைத் திறப்பதற்குள் மறுபடியும் மூடிக்கொண்டது.

காருக்குத் திரும்பி ஈரத் தாளை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன்.

"மோஹர் பாறை. வந்த நேரம் 4.52. கிளம்பிய நேரம் 4.54."