ஓஎஸ் பேப்பரில் மோட் மாறுகிற கேள்வி: எப்படித் தயாராவது

ஓஎஸ் (ஒப்பரேட்டிங் சிஸ்டம்) பேப்பருக்கு யூசர் மோட் (சாதாரண புரோகிராம் ஓடுகிற நிலை), கேர்னல் மோட் (ஓஎஸ்ஸின் மையமான கேர்னல் முழு அதிகாரத்தோடு ஓடுகிற நிலை) வரைவிலக்கணத்தைப் பாடமாக்குவதில் நேரத்தைக் கொட்ட வேண்டாம். அது ஐந்து வரி, எல்லாரும் எழுதுவார்கள். புள்ளி போவது வேறு இடத்தில். ஒரு சின்ன புரோகிராமைத் தந்து, இது ஓடும்போது புரொசஸர் எங்கெங்கே மோட் மாறுகிறது, அதில் கொன்டெக்ஸ்ட் சுவிட்ச் (ஒரு புரொசஸை, அதாவது ஓடுகிற புரோகிராமை, நிறுத்தி இன்னொன்றுக்கு மாறுவது) எத்தனை என்று கேட்பார்கள். வெள்ளவத்தையில் போட்டோக்கொப்பி அடித்து நாங்கள் பங்குபோட்ட பழைய பேப்பர்களில் இந்தக் கேள்வி ஏதோ ஒரு வேஷத்தில் திரும்பத் திரும்ப வந்தது.

யூசர் மோடிலிருந்து கேர்னலுக்குள் போக மூன்று வழிதான். புரோகிராம் தானே கேட்டுப் போவது சிஸ்டம் கோல். ஓடுகிற கட்டளையே பிரச்சினை கொடுத்துப் போவது எக்செப்ஷன், பேஜ் போல்ட் (தொட்ட மெமரிப் பக்கம் தயாராக இல்லாதது) மாதிரி. ஓடுகிற புரோகிராமுக்குச் சம்பந்தமே இல்லாமல் டைமரோ டிஸ்க்கோ இழுத்துக்கொண்டு போவது இன்டரப்ட். எந்தக் கேள்வி வந்தாலும் கொப்பியில் இரண்டு கோடு இழுங்கள், மேலே யூசர், கீழே கேர்னல். ஒவ்வொரு இறக்கத்துக்கும் பக்கத்தில் இந்த மூன்றில் எது, அப்போது எந்தப் புரொசஸ் ஓடியது என்று எழுதுங்கள்.

இப்போது அதிகம் பேர் விழுகிற இடம். ஏ என்ற புரொசஸ் ஒரு ஃபைலை ரீட் பண்ணுகிறது, டேட்டா மெமரியில் இல்லை, டிஸ்க்கிலிருந்து வரவேண்டும். ஏ சிஸ்டம் கோல் போட்டுக் கீழே இறங்குகிறது, அங்கேயே தூங்கிவிடுகிறது. கேர்னல் பி என்ற புரொசஸுக்கு மாறுகிறது. இது கொன்டெக்ஸ்ட் சுவிட்ச், ஆனால் இது நடப்பது முழுக்கக் கேர்னல் மோடுக்குள்ளேயே. பிறகு மேலே ஏறுவது பி, ஏ இல்லை. பி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது டிஸ்க் இன்டரப்ட் வருகிறது. யார் கீழே இறங்குவது? பி. ஏ கேட்ட டேட்டாவுக்காக, ஒன்றுமே கேட்காத பி இறங்குகிறது. கேர்னல் ஏயை எழுப்பி உடனே அதற்கே மாறினால் கடைசியில் ஏறுவது ஏ. ஆக மோட் மாற்றம் நாலு, கொன்டெக்ஸ்ட் சுவிட்ச் இரண்டு. பலர் ஏ இறங்கியது, ஏ ஏறியது என்று இரண்டோடு நிறுத்திவிடுவார்கள். மறுபக்கம், கெட்பிஐடி (தன் புரொசஸ் எண்ணைக் கேட்பது) மாதிரி ஒரு கோலில் இறங்கி ஏறுவது மட்டும்தான், அந்தக் கோலுக்காகப் புரொசஸ் மாறத் தேவையே இல்லை. இந்த இரண்டு உதாரணத்தையும் அடுத்தடுத்து வரைந்து பார்த்தால் மோட் சுவிட்சும் கொன்டெக்ஸ்ட் சுவிட்சும் பிறகு குழம்பாது.

தாளில் வரைந்ததை மெஷினில் பார்ப்பது இன்னும் நல்லது. விண்டோஸ் லெப்டொப் என்றாலும் டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) போட்டால் உள்ளே உண்மையான லினக்ஸ் கேர்னல்தான் ஓடும், எஸ்ட்ரேஸ் (ஒரு புரோகிராம் போடுகிற சிஸ்டம் கோல்களைப் பட்டியலிடும் கருவி) வேலை செய்யும். ஐந்து தடவை சுற்றுகிற ஒரு லூப்புக்குள் வரி முடிவோடு ஒரு பிரின்ட்எஃப் (சி மொழியில் எழுத்தை வெளியே அனுப்பும் ஃபங்ஷன்) வைத்து, எஸ்ட்ரேஸில் ஓட்டுங்கள். டெர்மினலில் ஓட்டினால் ஐந்து ரைட் கோல் தெரியும். அதே புரோகிராமின் அவுட்புட்டை ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிட்டு ஓட்டுங்கள், ஒரே ஒரு ரைட்தான் வரும், ஏனென்றால் சி லைப்ரரி யூசர் மோடிலேயே சேர்த்து வைத்துக் கடைசியில் ஒன்றாகத் தள்ளுகிறது. 'ஒவ்வொரு பிரின்ட்எஃபும் ஒரு சிஸ்டம் கோல்' என்று எழுதுகிற பழக்கம் அன்றோடு போய்விடும். ஆனால் எஸ்ட்ரேஸ் காட்டுவதை மட்டும் எண்ணி விடை எழுதவும் கூடாது: மூன்று வழியில் சிஸ்டம் கோலை மட்டுமே அது காட்டும். பேஜ் போல்ட், டைமர் இன்டரப்ட் எதுவும் அதில் வராது. நேரம் கேட்கிற கிளொக்கெட்டைம் வகைக் கோலும் பெரும்பாலும் வராது, ஏனென்றால் லினக்ஸ் அதை விடிஎஸ்ஓ (கேர்னல் யூசர் பக்கத்திலேயே வைத்துத் தருகிற சின்ன லைப்ரரி) வழியாகக் கேர்னலுக்குள் போகாமலே முடித்துவிடுகிறது.

அடுத்தது ஜிடிபி, புரோகிராமை இடையில் நிறுத்தி உள்ளே பார்க்கும் டிபகர். எக்ஸ்86 64 பிட் லினக்ஸில் உங்கள் புரோகிராமை நிறுத்தி சிஎஸ் ரெஜிஸ்டரைப் பாருங்கள், 51 என்று இருக்கும், ஹெக்ஸில் 33. அதன் கடைசி இரண்டு பிட் 11, அதாவது ரிங் 3, யூசர் மோட். கேர்னலில் அது ஹெக்ஸ் 10, கடைசி இரண்டு பிட் 00. ஆனால் எத்தனை தரம் ஸ்டெப் பண்ணினாலும் அந்த 10 உங்கள் கண்ணில் படாது, சிஸ்டம் கோல் போடுகிற சிஸ்கோல் கட்டளையைத் தாண்டினால் நேரே அடுத்த யூசர் கட்டளைதான். ஜிடிபியும் ஒரு யூசர் புரோகிராம்தானே, கேர்னலுக்குள் எட்டிப்பார்க்க அதற்கு அனுமதி இல்லை. தடயம் மட்டும் கிடைக்கும்: தாண்டியதும் ரெஜிஸ்டர்களில், ஆர்சிஎக்ஸில் திரும்பி வந்த விலாசமும் ஆர்11இல் பழைய ஃபிளாக்ஸும் இருக்கும். அவற்றைச் சேமித்தது ஹார்ட்வெயார்.

உள்ளே பார்க்க ஆசை என்றால் எம்ஐடியின் எக்ஸ்வி6ஐ (படிப்பிக்க எழுதிய சின்ன ஓஎஸ்) கியூஎமுவில் (இன்னொரு மெஷின் போல நடிக்கும் மென்பொருள்) ஓட்டி, வெளியிலிருந்து ஜிடிபியை இணைத்து, யூசர் மோடிலிருந்து இறங்கியதும் ஓடுகிற யூசர்ட்ராப் ஃபங்ஷனில் நிறுத்துங்கள். அது ரிஸ்க்-ஃபைவ் மெஷின், எஸ்கோஸ் ரெஜிஸ்டரைப் பார்த்தால் ஏன் இறங்கினோம் என்று எண்ணிலேயே இருக்கும். 8 என்றால் சிஸ்டம் கோல், 13 வாசிக்கும்போது பேஜ் போல்ட், 15 எழுதும்போது. மிக மேல் பிட் 1 என்றால் இன்டரப்ட். நான் மேலே சொன்ன மூன்று வழியும் இங்கே எண்களாக நிற்கும்.

இதே இடத்தில் ஒரு நுணுக்கம், வைவாவில் (வாய்மொழிச் சோதனை) கேட்க நல்ல கேள்வி. ரிஸ்க்-ஃபைவில் எஸ்இபிசி (திரும்ப வேண்டிய விலாசம் இருக்கும் ரெஜிஸ்டர்), சிஸ்டம் கோல் போடுகிற ஈகோல் கட்டளையின் சொந்த விலாசத்தையே வைத்திருக்கும். அப்படியே திரும்பினால் அதே ஈகோல் மறுபடி ஓடும், அதனால் எக்ஸ்வி6 அதில் 4ஐக் கூட்டுகிறது. பேஜ் போல்ட் என்றால் கூட்டக்கூடாது, பேஜைக் கொண்டுவந்த பிறகு அதே கட்டளை திரும்ப ஓடத்தான் வேண்டும். எக்ஸ்86 சிஸ்கோலில் ஆர்சிஎக்ஸ் ஏற்கெனவே அடுத்த கட்டளையைக் காட்டுவதால் இந்தக் கூட்டல் தேவையில்லை. இதை 'ஏன்' என்பதோடு சொல்கிறவரிடம் மேற்கொண்டு வரைவிலக்கணம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஃபோர்க் (புரொசஸைப் பிரதி எடுத்து இரண்டாக்குவது), எக்ஸெக் (புரொசஸுக்குள் வேறு புரோகிராமை ஏற்றுவது), எக்ஸிட் (புரொசஸை முடிப்பது) பற்றிச் சுருக்கமாக: ஃபோர்க்கில் ஒரு இறக்கம், இரண்டு ஏற்றம். எக்ஸெக் சரிவந்தால் ஏறுவது புதிய புரோகிராமின் தொடக்கத்துக்கு. எக்ஸிட்டில் இறக்கம் மட்டும். மோட் மாறுவதற்கு ஏன் செலவு என்று கேட்டால் ரெஜிஸ்டர் சேமிப்பதோடு நிறுத்தாமல், 2018 ஜனவரியில் வெளியான மெல்ட்டவுன் குறைபாட்டுக்குப் பிறகு, அது பாதிக்கிற புரொசஸர்களில் ஒவ்வொரு தடவையும் பேஜ் டேபிளையும் (மெமரி விலாசங்களை மாற்றித் தரும் அட்டவணை) மாற்ற வேண்டிவந்ததை ஒரு வரியில் சேருங்கள்.

உயர்தரம் தமிழ் மீடியத்தில் செய்துவிட்டு ஆங்கிலத்தில் சோதனை எழுதுகிறவர்கள், யோசிப்பதைத் தமிழிலேயே யோசித்துப் படத்தை முதலில் வரையுங்கள். படம் சரி என்றால் பக்கத்தில் எழுத வேண்டிய ஆங்கிலம் நாலைந்து சொல்தான். இன்னொன்று, எண்ணச் சொல்கிற கேள்விக்கு விடையின் முதல் வரியில் உங்கள் எடுகோளை எழுதிவிடுங்கள்: ஒரே சிபியு, இடையில் டைமர் இன்டரப்ட் இல்லை, பேஜ் எல்லாம் ஏற்கெனவே மெமரியில். அது இல்லாவிட்டால் நாலும் சரி, ஆறும் சரி, திருத்துகிறவர் எந்த எண்ணை எதிர்பார்க்கிறார் என்பது உங்கள் கையில் இல்லை.