அக்னி நட்சத்திரத்தில் ஒரு கடல் கேக்

மே மாதத்தில் பிறந்தநாள் வருகிற பிள்ளைக்குச் சென்னையில் கேக் செய்வதென்றால், டிசைனை வெயில்தான் முடிவு செய்யும். வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டினாலே இளகி வழிய ஆரம்பிக்கும். எங்கள் திருவான்மியூர் வீட்டு அடுப்படியில் மத்தியானம் 35 சர்வசாதாரணம். ஓஷன் கேக் என்று தேடினால் வருகிற படங்கள் எல்லாம் நீல பட்டர்கிரீம் அலை, ஃபாண்டன்ட் திமிங்கிலம், ஃபாண்டன்ட் கடற்கன்னி. ஃபாண்டன்ட் என்பது மாவு மாதிரிப் பிசைந்து உருவம் செய்கிற சர்க்கரைப் பசை, முக்கால்வாசி சர்க்கரை. கடற்கரைக் காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு பிசுபிசுக்கும். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் இன்னும் மோசம், வேர்த்து வடியும். ஏசி அறையிலேயே வெட்டி அங்கேயே சாப்பிடுகிறவர்கள் செய்யட்டும். எங்கள் வீட்டு விசேஷம் மொட்டை மாடியில்.

மகளுக்கு ஆறு முடிகிறது. கடல் கேக் வேண்டும் என்றவள், கடலில் என்னென்ன இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள்: ஆமைக்குஞ்சு, ஜெல்லி மீன், சங்கரா. கடற்கன்னி வேண்டாம், "அது பொய்" என்றாள். மார்ச்சில் பெசன்ட் நகர் கரையில் வனத்துறைக்காரர்கள் பொரிப்பகத்து ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விட்டதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இந்த விஷயத்தில் அவள் ரொம்பக் கறார். சங்கரா எப்படிப் பட்டியலில் வந்தது என்று கேட்க வேண்டியதில்லை, ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் குழம்பைப் பார்த்தால் தெரியும்.

கடலுக்கு நான் எடுத்துக்கொண்டது கடல்பாசி. சைனா கிராஸ், அகர் அகர் என்று கடையில் கேட்டால் கிடைக்கும். திருவல்லிக்கேணி நண்பன் வீட்டில் நோன்புக் காலத்தில் கஞ்சியோடு ரோஸ்மில்க் நிறத்தில் ஒரு தட்டு கடல்பாசி வரும். இஃப்தார் முடிந்து வெகுநேரம் மேஜையிலேயே கிடந்தும் துண்டுகளின் ஓரம் கூர்மை மாறாது. அந்த ஞாபகத்தில்தான் இந்த யோசனை.

காரணம் எளிது. ஜெலட்டின் 30, 35 டிகிரியிலேயே கரைந்துவிடும், நம் ஊர் மொட்டை மாடியில் அது சர்பத். அகர் 35 முதல் 40 டிகிரிக்குள் உறையும், ஆனால் மறுபடி உருக ஏறக்குறைய 85 டிகிரி வேண்டும். அதாவது சென்னை வெயிலில் ஃப்ரிட்ஜ் இல்லாமலே மேடையில் வைத்த இடத்தில் உறைந்துவிடும், அதற்கப்புறம் அசையாது. போதாக்குறைக்கு ஜெலட்டின் மாட்டெலும்பு, தோல் இவற்றிலிருந்து வருவது. எங்கள் மாடிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் சைவம். அகர் கடல் பாசியிலிருந்தே வருகிறது. ராமநாதபுரம் கடலோரத்துப் பெண்கள் முங்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசி அதற்குத்தான் போகிறது. கடல் கேக்குக்குக் கடலிலிருந்தே சாமான்.

அளவைச் சோதித்துப் பார்த்ததில் தெரிந்தது: 100 மில்லிக்கு 1 கிராம் அகர் பவுடர் போட்டால் ரப்பர் செருப்பு மாதிரி இருக்கிறது. 0.6 கிராமில் வாயில் அருமையாகக் கரைகிறது, ஆனால் டின்னிலிருந்து கவிழ்க்கும்போது வெடிக்கிறது. 0.8 சரி. பவுடரைப் பச்சைத் தண்ணீரில் கலக்கி, கொதி வந்தபின் இரண்டு மூன்று நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும். சூடானால் போதும் என்று இறக்கினால் நறநறவென்று நிற்கும்.

அடுத்தது நீலம். பாட்டில் கலர் வாங்கி வைத்ததைப் பார்த்ததும் அம்மா, "பஞ்சுமிட்டாயையே தடை பண்ணிட்டாங்க, நீ என்னத்தடா குழந்தைக்கு ஊத்தப் போற?" என்றாள். 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது ரோடமின்-பி என்ற துணிச்சாயம் கலந்ததற்காக. அது வேறு, சாப்பாட்டுக்கு அனுமதித்த நீலம் வேறு. இதை அம்மாவிடம் விளக்குவதை விட சங்குப்பூ பறிப்பது சுலபம். பக்கத்துக் காம்பவுண்டு சுவரெல்லாம் அதுதான் படர்ந்து கிடக்கிறது. காய்ந்த பூ நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும்.

சங்குப்பூவின் நிறம் புளிப்பைக் கண்டால் மாறும். எலுமிச்சை இரண்டு சொட்டு விட்டால் ஊதா. இளநீரில் போட்டபோது நீலமாகவே நின்றது, அதனால் மேலடுக்குக்கு இளநீர், மற்றதற்குச் சர்க்கரைத் தண்ணீர். ஏழெட்டுப் பூ போட்டால் வெளிர் நீலம். இரண்டு கை அள்ளிப் போட்டால் இரவு நேரத்துக் கடல்.

ஆனால் நம் கடல் கரையோரத்தில் நீலமா என்ன? பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் நின்று பார்த்தால் முதலில் மணல் கலங்கிய பழுப்பு, பிறகு ஒரு பச்சை, அதற்கப்பால்தான் நீலம். மாலத்தீவுக் கடலைச் செய்து வைத்துவிட்டு அதில் சங்கராவை விடுவது எனக்கு ஒப்பவில்லை. சங்குப்பூத் தண்ணீரில் கத்தி முனை மஞ்சள்தூள் கரைத்து வடிகட்டினால் அந்தப் பச்சை அப்படியே வருகிறது. மஞ்சள் வாசனை தெரியவில்லை, சிட்டிகையைத் தாண்டினால் தெரியும்.

பச்சை கரைப்பக்கம் மட்டும் தடிமனாக இருந்து ஆழத்தை நோக்கி மெலிய வேண்டும். அதற்கு டின்னைச் சாய்த்து வைத்தேன். 8 அங்குல வட்ட டின், ஒரு பக்கம் அடியில் இரண்டு மரக்கரண்டி. பச்சைக் கலவையை ஊற்றினால் தாழ்ந்த பக்கம் போய்த் தேங்கும். பத்து நிமிடத்தில் மேலே ஆடை விழுந்த மாதிரி ஒரு மினுக்கம் வரும். விரலால் தொட்டால் ஒட்ட வேண்டும், ஆனால் விரலோடு வரக்கூடாது. அந்தக் கட்டத்தில் கரண்டியை உருவிவிட்டு அடுத்த அடுக்கை ஊற்ற வேண்டும். முழுக்க உறைந்துவிட்டால் அடுக்குகள் ஒன்றோடொன்று பிடிக்காது, வெட்டும்போது வழுக்கிக்கொண்டு தனித்தனியாகப் போகும். அப்படி ஆறிப்போனால் முள்கரண்டியால் மேலே லேசாகக் கீறிவிட்டு ஊற்றலாம். ஊற்றுகிற கலவையும் கொதிக்கக் கொதிக்க இருக்கக்கூடாது, கீழடுக்கைக் கரைத்துவிடும். பாத்திரத்தைக் கையால் பிடிக்க முடிகிற சூடு போதும்.

எல்லாம் தலைகீழ் வேலை என்பதை மறக்கக்கூடாது. டின்னின் அடிதான் கேக்கின் மேல்புறம். அதனால் முதலில் அலை நுரை. திக்கான தேங்காய்ப்பாலில் அகர் கலந்து சாஸ் பாட்டிலில் ஊற்றி, டின் அடியில் கோடு கோடாக இழுத்துவிட்டேன். டின் குளிர்ந்திருந்தால் இழுத்த கோடு அங்கேயே நிற்கிறது. அதன்மேல் சரிந்த பச்சை, பிறகு இளநீரின் வெளிர் நீலம், அதற்குள் உயிரினங்கள், கடைசியில் அடர் நீலம். மொத்தம் 1.2 லிட்டர், 10 கிராம் பவுடர்.

ஜெல்லி மீனுக்கு நுங்கை விட்டால் வேறென்ன? மே மாதத்தின் ஒரே நல்ல விஷயம் அது. இளசாகப் பார்த்து வாங்கி, மேல்தோலை நகத்தால் கிள்ளி உரித்தால் உள்ளே கண்ணாடி. குறுக்கே பாதியாக நறுக்கினால் குடை கிடைத்துவிடுகிறது. கால்களுக்கு இளநீர் வழுக்கையை நூல் நூலாக நறுக்கி, பல்குத்தும் குச்சியால் நுங்கின் பள்ளத்துக்குள் செருகினேன். தலைகீழ் என்பதால் குடையின் முதுகு கீழே, கால்கள் மேலே நீட்டிக்கொண்டு. வெளிர் நீலக் கலவையை அரைவாசி ஊற்றி, பாகு பதத்துக்கு வந்ததும் இவற்றை இறக்கினால் மிதக்காமல் நிற்கும். சீக்கிரம் இறக்கினால் கால்கள் எல்லாம் மூலைக்கொன்றாகப் போய்விடும். கொஞ்சம் ஊறவைத்த சப்ஜா விதையையும் தூவினேன், நீர்க்குமிழிக்கு.

சங்கராவுக்குத் தேங்காய்ப்பால் கடல்பாசியில் பீட்ரூட் சாறு. அடுப்பிலிருந்து இறக்கியபின் சாறு விட்டால்தான் நிறம் நிற்கும், கொதித்தால் மங்கும். தட்டில் மெல்லிசாக ஊற்றி உறைந்தபின் பேனாக்கத்தியால் வெட்டினேன். ஒரு எச்சரிக்கை: பீட்ரூட் நிறம் ஜெல்லிக்குள் ஊரும். ராத்திரி வைத்தால் காலையில் ஒவ்வொரு மீனைச் சுற்றியும் இளஞ்சிவப்பாக ஒரு வளையம். சோதனைத் துண்டில் இதைப் பார்த்ததால் மீன் அடுக்கை அன்று காலையிலேயே போட்டேன். சங்குப்பூ நீலமும் இப்படித்தான் ஊரும், ஆனால் அங்கே அது நன்மை, அடுக்குகளுக்கிடையில் கோடு தெரியாமல் கலந்துவிடும்.

ஆமைக்குஞ்சுக்கு முந்திரி கேக் மாவு. 200 கிராம் முந்திரிப் பொடி, 100 கிராம் சர்க்கரையை ஒரு கம்பிப் பதத்துக்குப் பாகு வைத்துக் கிளறி, கொஞ்சம் நெய் தொட்டுப் பிசைந்தால் ஃபாண்டன்ட்டை விட நன்றாகப் பிடிபடுகிறது, வேர்ப்பதும் குறைவு. முக்கியமாக, தின்ன முடிகிறது. பச்சையாக ஒன்று செய்து மகளிடம் காட்டினேன். "குஞ்சு கறுப்பாத்தான்பா இருக்கும். பெரிசானாதான் பச்சை" என்றாள். சரிதான். நம் கரைக்கு முட்டையிட வருகிற பங்குனி ஆமையின் (ஆலிவ் ரிட்லி) குஞ்சு கருஞ்சாம்பல் நிறம். கோகோ பவுடரை அள்ளிப் போட்டுப் பிசைந்தேன். அடுத்த பிரச்சினை முதுகுக் கட்டங்கள். பேராமைக்கு (பச்சைக் கடலாமை) ஓட்டின் நடுவரிசைக்கு இரு பக்கமும் நாலு நாலு தகடு, பங்குனி ஆமைக்கு ஆறு அல்லது அதற்கு மேல், சில சமயம் இடமும் வலமும் எண்ணிக்கையே ஒத்துப்போகாது. பெரிய நெல்லிக்காய் அளவு உருண்டையில் ஆறு தகடு கீற ஊசிதான் சரிப்பட்டது. இடம் ஆறு, வலம் ஏழு என்று வந்த ஒன்றை நான் அழிக்கவில்லை, அறிவியல் என் பக்கம்.

கேக் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முட்டையில்லாதது. மில்க்மெய்ட் ஒரு டின், 100 கிராம் வெண்ணெய், 250 கிராம் மைதா, ஒன்றரை ஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை ஸ்பூன் சோடா, மாவு இளகப் பால். 170 டிகிரியில் குச்சி சுத்தமாக வரும்வரை. இந்தக் கேக் கொஞ்சம் கனமாகத்தான் வரும், இங்கே அதுதான் தேவை. மேலே ஒரு கிலோவுக்குக் குறையாத கடல் உட்காரப் போகிறது, ஷிஃபான் மாதிரிப் பஞ்சுக் கேக் தாங்காது. ஜெல்லியின் ஈரம் இறங்காமலிருக்க நான்-டெய்ரி கிரீமை அடித்து மேலே மெல்லிசாக ஒரு பூச்சு. பால் கிரீமை விட அது வெயிலுக்குத் தாக்குப்பிடிக்கும், ருசி என்னவோ சுமார்தான், அதனால் பூச்சோடு நிறுத்திக்கொண்டேன்.

கவிழ்ப்பதற்கு முன் டின் ஓரத்தில் விரலால் உள்பக்கமாக அழுத்தி, சுற்றிலும் காற்றுப் புகவிட வேண்டும். "தக்" என்று ஒரு சத்தம் கேட்கும். மனைவி ஒரு பக்கம் தட்டைப் பிடிக்க, நான் மறுபக்கம். பச்சைப் பக்கத்தில் பிறைவடிவில் ஒரு துண்டை அலைக்கோடு மாதிரி வெட்டி எடுத்துவிட்டேன், அந்த இடம் கரை. வெட்டு முகத்தில் பச்சையின் சரிவும் அடியில் அடர் நீலமும் தெரிந்தது எதிர்பாராத லாபம்.

மணலுக்கு எல்லோரும் மேரி பிஸ்கட்டைப் பொடிப்பார்கள். நான் பொட்டுக்கடலை மாவு, சர்க்கரை, ஏலக்காய், நெய் போட்டு உதிரியாக மாலாடுப் பொடி செய்தேன். நெய் ஒரு ஸ்பூன் கூடினாலும் உருண்டை பிடித்துவிடும். ஈரக் கைவிரலால் ஓரத்தில் தட்டிவிட்டால் அலை வந்து போன மணல் மாதிரி கறுக்கிறது. ஆமைகளை மகளே வைத்தாள், எல்லாத் தலையும் கடலைப் பார்த்து. மெழுகுவர்த்தியும் மணலில்தான், ஜெல்லியில் குத்தினால் விரிசல் ஓடும்.

மாடியில் ஆறரை மணிக்கும் அனல் அடங்கவில்லை. கிரீம் ஓரத்தில் லேசாகப் பளபளத்தது, கடல் அப்படியே நின்றது. வெட்டுவதற்கு மெல்லிய கத்தி, ரம்பப் பல் வேண்டாம், ஒரே அழுத்தாக மேலிருந்து கீழே. நுங்கு வந்த துண்டுக்குப் பெரியவர்களிடையேதான் போட்டி. மணல் முதலில் தீர்ந்தது. சங்கராவைப் பார்த்து மேல்வீட்டு மாமி "இது என்ன மீன்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தேங்காய்ப்பால் என்றதும் சாப்பிட்டார்.

மீந்த துண்டு மறுநாள் ஃப்ரிட்ஜில் தண்ணீர் விட்டிருந்தது. அகர் எப்போதும் அப்படித்தான், சர்க்கரை தூக்கலாக இருந்தால் குறையும். வடித்துவிட்டுச் சாப்பிடலாம், ஆனால் நுங்கு இருக்கிற துண்டை மட்டும் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.