என்லார்ஜர் தலை ஏற மறுத்தால்: கழற்றும் முன் கொக்கித் தராசு

நெகட்டிவைப் பெரிதாக்கிப் படமாக அச்சிடும் பழைய இருட்டறை என்லார்ஜரில், விளக்கும் லென்ஸும் உள்ள தலை கனத்துப்போய் ஏற மறுத்தால் பலர் கையில் எடுப்பது எண்ணெய்க் குப்பியைத்தான். தூணை அழுத்திப் பிடித்து உருளும் உராய்வுச் சக்கரத்தால் ஏறும் கருவியாக இருந்தால் அதோடு கதை முடிந்தது. கைப்பிடி சுற்றும், தலை நகராது.

பழுது தலையின் எடையைத் தாங்கும் ஸ்பிரிங்கிலா, உராய்விலா என்பதைக் கழற்றாமலே கண்டுபிடிக்கலாம். லென்ஸ், கண்டென்சர் (ஒளியைக் குவிக்கும் கண்ணாடி), நெகட்டிவ் கேரியர் (நெகட்டிவைப் பிடிக்கும் சட்டம்) எல்லாம் இடத்தில் இருக்கட்டும். பூட்டுத் திருகைத் தளர்த்துங்கள். உராய்வுச் சக்கரம் இருந்தால் அதன் அழுத்தத்தையும் விடுவியுங்கள். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசைத் தலையைத் தாங்கும் சட்டத்தில் மாட்டி மெதுவாக மேலே இழுங்கள், பிறகு கீழே. தலை நகர்ந்துகொண்டிருக்கும்போது காட்டும் அளவே கணக்கு. மேலே 2.4 கிலோ, கீழே 0.4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 2.8, அதில் பாதி 1.4: இது உராய்வு. கழித்தால் 2.0, அதில் பாதி 1.0: ஸ்பிரிங் இவ்வளவு குறைவாகத் தாங்குகிறது. விட்டவுடன் தலை தானாக இறங்கினால் கணக்கே வேண்டாம், குறை ஸ்பிரிங்கில்தான். கருப்பு வெள்ளைத் தலையைக் கழற்றிவிட்டு வண்ணப் படம் அச்சிடும் கனமான கலர் ஹெட் பொருத்திய கருவிகளிலும் இப்படி ஆகும்.

ஓமேகா டி2 போன்ற என்லார்ஜர்களில் எடையைத் தாங்குவது டேப் மாதிரிச் சுருண்ட எஃகுத் தகடு. எவ்வளவு நீட்டினாலும் கிட்டத்தட்ட ஒரே விசையில் இழுக்கும். அதனால் இதை இறுக்கிச் சரிசெய்ய வழியில்லை. தகட்டின் அகலம், தடிமன், சுருளின் விட்டம் இவைதான் விசையைத் தீர்மானிக்கின்றன. விளிம்பில் மயிரிழை விரிசல் தெரிந்தால் மாற்றியே ஆகவேண்டும். இரண்டு தகடு இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். முழுதாக நீண்ட நிலையிலும் உருளையில் ஒன்றரைச் சுற்றாவது மிச்சம் இருக்கவேண்டும். இல்லையென்றால் தகடு உருவிக்கொண்டு வந்துவிடும்.

கழற்றும்போது ஒரே விதி: தலையை உச்சிக்கு ஏற்றி, பூட்டி, கயிற்றாலும் கட்டிய பிறகே விளக்குப் பகுதியை எடுக்கவேண்டும். பாதி உயரத்தில் எடுத்தால் எடை இழந்த சட்டம் விருட்டென்று மேலே பாயும். லைட்ஸ் போகோமாட் 1சி மாதிரி மடக்குக் கை உள்ளவற்றில் இது இன்னும் மோசம், தாடையைப் பெயர்க்கும். தகட்டின் ஓரம் பிளேடு மாதிரி. தோல் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி இரண்டும் வேண்டும்.

உராய்வுதான் காரணம் என்றால் குற்றவாளி பெரும்பாலும் பழைய கிரீஸ். பல வருடத்தில் அது பழுப்பு மெழுகாகி, நகத்தால் சுரண்டினால் செதிலாக உதிரும். மரக்குச்சியால் சுரண்டிவிட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடையுங்கள். (லென்ஸை முன்பே கழற்றி வைத்துவிடுங்கள்.) உருளைகளின் அச்சுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, பல்சக்கரத்துக்கு வெள்ளை லித்தியம் கிரீஸ் தடவியும் தடவாமலும். உராய்வுச் சக்கரம் ஓடும் தூண் முகத்துக்கு எதுவும் கூடாது.

ரப்பர் சக்கரம் பளபளத்திருந்தால் 400 எண் எமரித் தாளில் லேசாகத் தேய்த்தால் பிடி திரும்பும். ஒரே இடத்தில் நின்று நின்று தட்டையாகியிருந்தால் தேய்த்துப் பயனில்லை. லேத் பட்டறையில் பாலியூரித்தேன் உருளை கடைந்து வாங்குங்கள். அச்சுத் துளையை அளவுக்குச் சரியாகச் சொல்லுங்கள், கால் மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தாலும் தலை குதித்துக் குதித்து ஏறும்.

மாட்டியபின் திரும்ப எடை பாருங்கள். மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டவேண்டும். கடைசியாக நெகட்டிவ் மேடை, லென்ஸ் பலகை, அடிப்பலகை மூன்றும் இணையா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்து, லென்ஸை முழுதாகத் திறந்து நான்கு மூலையிலும் கிரெய்ன் போகஸர் (கூர்மையைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) வையுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் வழிகாட்டி உருளைகளில்தான் இன்னும் ஆட்டம் இருக்கிறது.