பொம்மியின் கழுத்து

அக்டோபர் 9, 2024

பொம்மிக்கான கரண்ட் காலர் வந்துவிட்டது. வத்தலக்குண்டில் பஸ்ஸில் போட்டுவிட்டார்கள், கண்டக்டர் தாண்டிக்குடி டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பெட்டிக்குள் ஒரு பட்டை, ஒரு ரிமோட், சார்ஜர், இரண்டு ஜோடி உலோக முனைகள். பொம்மி கன்னி இன வேட்டை நாய், உடம்பில் ரோமம் இருப்பதே தடவினால்தான் தெரியும். குட்டை முனையே போதும்.

பெட்டியை மூடி அலமாரியில் வைத்துவிட்டேன். இன்றைக்கு வேண்டாம்.

அக்டோபர் 10

அப்பாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் 22ஆம் தேதி.

அக்டோபர் 11

இரவு எல்லோரும் தூங்கின பிறகு முனைகளை என் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்து அழுத்திப் பார்த்தேன். ரிமோட்டில் 0 முதல் 100 வரை. 6இல் ஒன்றும் தெரியவில்லை. 11இல் எறும்பு ஊர்ந்த மாதிரி. 20இல் விரல் தானாக மடங்கியது. 30இல் கையை உதறிவிட்டேன். வலி என்று சொல்ல முடியாது, ஆனால் யாரோ என்னைக் கேட்காமல் எனக்குள் கை விட்ட மாதிரி இருந்தது. அதற்கு மேல் திருகவில்லை.

பீப் சத்தம் தனி பட்டன். அதிர்வு தனி பட்டன். அதிர்வு சாதுவானது என்றுதான் நினைத்திருந்தேன். கழுத்தில் வைத்துப் பார்த்தேன், காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி எலும்பெல்லாம் இரைகிறது. பயந்த சுபாவமுள்ள நாய்கள் சிலவற்றுக்கு, குறைந்த லெவல் கரண்டைவிட இந்த அதிர்வுதான் அதிகம் பயம் தரும் என்று பயிற்சி சார் சொன்னது சரிதான். அந்தப் பட்டனைத் தொடப் போவதில்லை.

அக்டோபர் 12

சாரிடம் போனில் ஒரு மணி நேரம். நோட்டில் எழுதியதை இங்கேயும் வைக்கிறேன், பிறகு தேட வேண்டாம்.

பத்து நாளாவது ஆஃப் செய்த காலரைத்தான் மாட்ட வேண்டும். மாட்டினதும் நடை, மாட்டினதும் சோறு. காலர் என்றால் நல்லது நடக்கும் என்று மட்டுமே அவளுக்குத் தெரிய வேண்டும். மாட்டின அன்றே பட்டனை அழுத்தினால், காலர் இருக்கும்போது ஒரு நாய், இல்லாதபோது வேறு நாய் என்று ஆகிவிடும். கழுத்தில் உயரத்தில், காதுக்குச் சற்றுக் கீழே, குரல்வளை மேல் படாமல் பக்கவாட்டில். இரண்டு முனையும் தோலைத் தொட வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு மேல் கழுத்தில் இருக்கக் கூடாது, புண்ணாகும். சங்கிலியை இதில் மாட்டவே கூடாது.

"வா" என்றால் வருவதை முதலில் கயிற்றிலும் தீனியிலும் கற்றிருக்க வேண்டும். தெரியாத பாடத்தைப் பட்டனால் சொல்லிக்கொடுக்க முடியாது. "காலரை எல்லாரும் தண்டனைன்னு நினைச்சுதான் வாங்குறாங்க மேடம்" என்றார். நான் அப்படி நினைத்து வாங்கவில்லை சார் என்று சொல்ல வந்து, சொல்லவில்லை.

அக்டோபர் 14

கமலா ஆரஞ்சு மரத்தைப் பற்றி எழுத வேண்டும்.

ஆடி மாதம் பக்கத்துத் தோட்டத்தில் பன்றிக்காகச் சோலார் வேலி போட்டார்கள். நொடிக்கு ஒரு தரம் டக், டக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பொம்மி ஒரு மலையணிலைப் பார்த்து ஓடி மூக்கைக் கம்பியில் வைத்துவிட்டாள். அவள் போட்ட கூச்சல் எதிர்ச் சரிவு வரைக்கும் கேட்டதாகக் காவல் தாத்தா சொன்னார். அப்போது அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஆரஞ்சு மரத்தை, அணில் அதில்தான் ஏறியிருந்தது.

அன்றிலிருந்து அவள் அந்த மரத்தடிக்குப் போவதில்லை. வேலி ஓரமாக இன்றைக்கும் நடக்கிறாள், கம்பிக்கு ஒரு முழம் தள்ளி, கவலையே இல்லாமல். கம்பியை அவள் குற்றம் சொல்லவில்லை. அந்த நொடியில் கண்ணில் எது இருந்ததோ அதைத்தான் சொன்னாள். பார்த்து ஓடுகிற நாய் அல்லவா, மோந்து ஓடுகிற நாய் இல்லை. எல்லாமே கண்தான் அவளுக்கு.

நான் பட்டனை அழுத்தும்போது அவள் எதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்?

அக்டோபர் 17

மழை. ஆஃப் காலரோடு நான்கு மணி நேரம். கழற்றும்போது தலையை நீட்டிக் கொடுக்கிறாள். தோலில் சிவப்பு இல்லை.

அக்டோபர் 20

நாளை அப்பா மதுரையில் சேர வேண்டும். சாயங்காலம் திண்ணையில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு விரலை வாயில் வைத்துச் சீட்டி அடித்தார். மூன்று தரம். பொம்மி காபிச் செடிகளுக்கு அடியிலிருந்து அம்பு மாதிரி வந்து அவர் முழங்காலில் முட்டினாள். அவர் மறுபடி போகச் சொன்னார். போனாள். மறுபடி சீட்டி. இருட்டும்வரை இதையே செய்தார்கள்.

நான் போனை எடுத்து, பதிவு பண்ணிக்கட்டுமா அப்பா என்றேன். வேண்டாம் என்று கையசைத்தார்.

எனக்குச் சீட்டி வராது. சின்ன வயதில் எவ்வளவோ சொல்லிக்கொடுத்தார், வெறும் காற்றுதான் வரும். ஊதல் வாங்கலாமே என்று அத்தை கேட்டாள். ஊதலுக்கும் காற்று வாய்க்கு வர வேண்டுமே அத்தை. இனிமேல் அவருக்கு மூச்சு கழுத்து வழியாக.

அக்டோபர் 22

ஆறு மணி நேரம் ஆனது. முடிந்துவிட்டது என்று தம்பி சொன்னான்.

அக்டோபர் 24

இன்றைக்கு முதல் முறையாக ஆன் செய்தேன். முற்றத்தில், 15 மீட்டர் கயிற்றில், சுற்றிலும் ஒன்றுமே இல்லாத நேரம் பார்த்து. நாய் உணர்கிற மிகக் குறைந்த லெவலைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். 1இலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் இடையில் என் உள்ளங்கை வியர்வையைத் துடைத்துக்கொண்டேன்.

7இல் இடது காது ஒரு தரம் அசைந்தது. ஈ உட்கார்ந்தால் அசைப்பாளே, அது மாதிரி. தலையைத் திருப்பித் தரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என் மணிக்கட்டில் 11இல்தான் தெரிந்தது, அவளுக்கு 7. அவள் தோல் என் தோலைவிட முன்னால் கேட்கிறது.

நிறுத்திவிட்டு ஈரல் கொடுத்தேன்.

அக்டோபர் 27

நன்றாகப் போகிறது, நம்பவே முடியவில்லை. "வா" என்கிறேன், கூடவே 7இல் ஒரு தொடல், கயிற்றை லேசாக இழுக்கிறேன், அவள் திரும்பின கணத்தில் விரலை எடுத்துவிடுகிறேன், வந்ததும் ஈரல். இருபது தரத்தில் கயிறு தேவைப்பட்டது நான்கு தரம். வால் தொங்கவில்லை. காது பின்னால் படியவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருப்பது அந்தக் காதுகளைத்தான்.

மாலையில் சில்வர் ஓக் வரிசைக்குக் கீழே ஒற்றைக் காட்டுமாடு நின்றது. ஒரு டன் இருக்கும். பொம்மி உறைந்து நின்றாள், ஒரு முன்கால் மேலே. நான் பட்டனைத் தொடவில்லை. கயிற்றைச் சுருட்டி, மெதுவாக வீட்டுக்குள் வந்துவிட்டோம். மாட்டைப் பார்க்கும்போது சுருக்கென்றால் சில நாய் ஒதுங்கும், சில நாய் அந்த மாடுதான் கடித்தது என்று பாயும் என்றார் சார். இவள் எது என்று சோதித்துப் பார்க்க என்னால் முடியாது.

அக்டோபர் 29

தூக்கம் இல்லை. போனில் படித்துக்கொண்டே இருந்தேன். வேல்ஸில் 2010லேயே இந்தக் காலரைத் தடை செய்துவிட்டார்கள். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. கூப்பிட்டால் வராத, ஆடு துரத்துகிற மாதிரியான பழக்கமுள்ள 63 நாய்கள். காலர் பழகிய பயிற்சியாளர்களே கரண்ட் வைத்து ஒரு கூட்டத்தையும், கரண்ட் இல்லாமல் ஒரு கூட்டத்தையும், மற்ற பயிற்சியாளர்கள் தீனியும் பாராட்டும் மட்டும் வைத்து ஒரு கூட்டத்தையும் பழக்கியிருக்கிறார்கள். கரண்ட் வைத்ததால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. தீனியில் பழகிய நாய்கள் சொன்ன சொல்லுக்குச் சீக்கிரம் கீழ்ப்படிந்தன.

படித்ததும் காலரைத் தூக்கிப் போடலாம் என்று எழுந்தேன். ஆனால் அங்கே தெரிந்த ஆபத்து ஆடு. இங்கே சுருக்குக் கம்பி. காபி பழுக்கும்போது பன்றிக்கு யார் எங்கே கம்பி கட்டுகிறார்கள் என்று சொல்லவே முடியாது. முன்பு வளர்த்த கருப்பனைச் சுருக்கில் கண்ட அந்தக் காலை மூடுபனிகூட இல்லை, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அப்பா தன் சால்வையைக் கழற்றி மூடினார்.

வேட்டை நம் நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். முயலைத் துரத்தினாலும் கேளையாட்டைத் துரத்தினாலும் வழக்கு என் மேல்தான். இவள் கால்களுக்கு அது எப்படித் தெரியும்? எத்தனையோ தலைமுறை கரிசல் காட்டில் முயல் பின்னால் ஓடின கால். நாம்தான் அந்த ஓட்டத்துக்காகப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தோம். 14 மாதக் குட்டியிடம் இப்போது போய், ஓடாதே என்கிறோம்.

மணி மூன்றரை. காலரைத் தூக்கிப் போடவில்லை.

அக்டோபர் 31

தீபாவளி. காலர் கிடையாது, நடை கிடையாது. கட்டிலுக்கு அடியில் நானும் அவளும். எங்கோ கீழே மங்களம்கொம்புப் பக்கம் ஒரு வெடி கேட்டாலும் என் கைக்குள் மூக்கைச் செருகுகிறாள்.

நவம்பர் 3

தையல் ஓரம் கசிகிறதாம். மூக்குக் குழாயிலேயே இன்னும் இரண்டு வாரம் கஞ்சி. வீட்டுக்கு வரும் நாள் தள்ளிப் போகிறது.

இங்கேயும் ஒரே ஈரம். ரோமம் நனைந்தால் முனை நன்றாகப் பிடிக்கும், லெவலைக் குறைக்க வேண்டும். இப்போது 5.

நவம்பர் 6

எழுத முடியவில்லை.

நவம்பர் 7

என் தவறு. முழுக்க என் தவறு.

நேற்று மதியம் சாரல். ரிமோட் ஸ்வெட்டர் பையில் இருந்தது. பொம்மி திண்ணையில் அப்பாவின் நாற்காலியில் முன்காலை வைத்து, அதில் கிடந்த அவருடைய துண்டை மோந்துகொண்டிருந்தாள். கண்ணை மூடியிருந்தாளோ என்னவோ, அவ்வளவு நிதானமாக. சோறு ஆறிப்போகிறதே என்று, ரிமோட்டைப் பார்க்காமலே எடுத்து, "வா" என்று சொல்லி அழுத்தினேன். திருகு பைக்குள்ளேயே சுழன்றிருக்கிறது. 38.

வேலியில் போட்ட அதே கூச்சல். நாற்காலி கவிழ்ந்தது. சிறுநீர் திண்ணை முழுக்க.

இரவு சோறு தொடவில்லை. என்னிடம் வந்தாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் மடியில் தலை வைத்து, நாற்காலியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் குற்றம் சொல்லவில்லை.

அவர் திரும்பி வந்து உட்காரப்போகிற ஒரே நாற்காலி அது.

நவம்பர் 8

சார் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "நாற்காலிகிட்ட இழுத்துட்டுப் போய் தீனி போடாதீங்க, போகவும் முடியாம விடவும் முடியாம ரெண்டு மனசாயிடும். அவ எந்தத் தூரத்துல நிம்மதியா நிக்கிறாளோ அங்கே ஆரம்பிங்க. அவளா ஒரு அடி வைக்கட்டும்" என்றார்.

நாற்காலியை மாற்றிவிடலாமா என்று அத்தை. மரத்தை மாற்றினோமா?

நவம்பர் 10

அளந்தேன். 14 அடி. அதற்கு உள்ளே வந்தால் வால் கால்களுக்கு நடுவில் போய்விடுகிறது.

காலரிலிருந்து முனைகளைத் திருகிக் கழற்றிவிட்டேன். பீப் மட்டும் இருக்கிறது. பீப், ஈரல். பீப், ஈரல். சமையலறையில், கொல்லையில், மிளகுக் கொடி பக்கத்தில். அப்பாவால் ஒரு பட்டனை அழுத்த முடியும். அழுத்தினால் இவள் திரும்பிப் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான், ஆரம்பத்திலிருந்தே அவ்வளவுதான்.

நவம்பர் 11

14.

நவம்பர் 13

மதுரை போய் வந்தேன். அப்பா மெலிந்துவிட்டார். கழுத்துத் துவாரத்தின் மேல் ஈரத் துணி. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தத் துணி எழுந்து அடங்குகிறது. பேசப் பேச என் கண் அங்கேயே போனது, அவர் அதைக் கவனித்துவிட்டு சிலேட்டை எடுத்தார்.

பொம்மி?

நல்லா இருக்கா அப்பா, பீப் சொன்னா ஓடி வர்றா என்றேன். சிரித்தார், சத்தம் இல்லாமல். பிறகு துடைத்துவிட்டு எழுதினார். கழுத்தில் புண் இருக்கா பார்.

பார்க்கிறேன் அப்பா. தினமும் பார்க்கிறேன். நாற்காலியைப் பற்றிச் சொல்லவில்லை.

நவம்பர் 15

பௌர்ணமி. ஏழு மணிக்குக் கதவு திறந்த இடைவெளியில் வெளியே போனவள், முற்றத்தின் ஓரத்தில் முயலைப் பார்த்துவிட்டாள். பீப் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். எங்கே கேட்கப் போகிறது, அந்த நேரத்தில் அவளுக்குக் காதே கிடையாது. முனைகள் மாட்டியிருந்தால் என்ன செய்திருப்பேன்? 7 போதாது என்று தெரியும். 38இல் அழுத்தியிருப்பேனா? டார்ச்சோடு காபிக்குள் நடக்கும்போதெல்லாம் இதையேதான் கேட்டுக்கொண்டேன். காலடியில் கம்பி இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து. காவல் தாத்தா கூடவே வந்தார். "வந்துரும் தாயி" என்று பத்து தரம் சொன்னார், ஒவ்வொரு தரமும் குரல் இறங்கியது.

நாற்பது நிமிடம். தானாக வந்தாள். காது கிழிந்திருந்தது, வேறொன்றும் இல்லை.

மோந்துகொண்டு நிற்கும்போது பீப் அவளைத் திருப்பும், ஓட்டத்தில் திருப்பாது. இரண்டும் எனக்கு இப்போது தெரியும். இனி வாசல் கதவுக்கு இரட்டைத் தாழ்ப்பாள். வெளியே போனால் கயிறுதான்.

நவம்பர் 16

11 அடி.

நவம்பர் 18

8. ஈரல் வேண்டாம், கருவாடு என்றால் 7. நாற்காலியில் அப்பாவின் துண்டைத் துவைக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

நவம்பர் 19

இன்றைக்கு ஒரு பீப்கூட அடிக்கவில்லை. திண்ணைப் படியில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிற மாதிரி இருந்தேன். அவளாக வந்து 5 அடியில் படுத்தாள். நாற்காலிக்கு முதுகைக் காட்டி.

முதுகைக் காட்டி!

நவம்பர் 21

கசிவு நின்றுவிட்டது. நாளை காலை புறப்படுகிறார்கள். தம்பி சொல்லிவிட்டு உடனே வைத்துவிட்டான்.

ரிமோட்டை முழுக்க சார்ஜ் போட்டேன். திருகை 0இல் வைத்து, அசையாமல் மேலே டேப் ஒட்டினேன். முனைகள் ஒரு காகிதத்தில் மடித்து பெட்டியில். பீப் பட்டன் மேல் சிவப்புப் பொட்டு ஒன்று வைத்தேன், அப்பா கண்ணாடி போடாமலும் தடுமாறக் கூடாது.

நவம்பர் 22

கார் பெரும்பாறை தாண்டிவிட்டதாம். இன்றைக்குக் காலையில் 4 அடி.