சிம் கார்டை வெட்டப் போய்

பழைய போன் திடீரென்று கண்ணை மூடிவிட்டது. அடுத்து கைக்கு வந்த போனில் நானோ சிம்தான் போகும். என்னிடம் இருந்ததோ 25-க்கு 15 மில்லிமீட்டர் பெரிய கார்டு. மாற்று கார்டுக்கு அலைவானேன், நாமே வெட்டிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். முன்பு ஒரு தடவை இரண்டுக்கும் இடைப்பட்ட மைக்ரோ அளவுக்கு வெட்டியவன் என்ற தெம்பு வேறு. அந்தத் தெம்புதான் என்னைக் கவிழ்த்தது.

மைக்ரோவுக்கு வெட்டும்போது உலோகத் தகட்டைச் சுற்றிக் கொஞ்சம் பிளாஸ்டிக் மிஞ்சும். கை லேசாகப் பிசகினாலும் பாதகமில்லை. நானோ 12.3-க்கு 8.8தான். பல பழைய கார்டுகளில் தகடே அதைவிடப் பெரிது. அதன் ஓரத்தையும் நறுக்கித்தான் ஆக வேண்டும். சிப் நடுவில், தகட்டுக்கு அடியில் இருப்பதால் ஓரம் போனால் உயிர் போகாது. இது தெரிந்தும் கத்திரி தகட்டில் இறங்கியபோது கை நடுங்கியது உண்மை.

நல்லவேளை, முதலில் ஒரு காலாவதியான கார்டில் ஒத்திகை பார்த்தேன். அச்சடித்த அளவுத்தாளை ஒட்டி வெட்டினால் துண்டு டிரேயில் லொடலொடவென்று ஆடியது. அச்சடிக்கும்போது பக்கத்துக்குள் அடங்கட்டும் என்று பிரின்டர் படத்தைச் சுருக்கியிருக்கிறது! 100 சதவீதத்தில் அடிக்க வேண்டும். அதற்கு மேல் அதை நம்பாமல் நிஜமான நானோ கார்டு ஒன்றை மேலே வைத்துக் கோடு கிழித்தேன். வெட்டுவது இரண்டு நிமிட வேலை.

டிரேயில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் டிரே போனுக்குள் பாதிதான் போனது. அழுத்தினேன், செய்திருக்கக் கூடாது. சிக்கிக்கொண்டது. சாமணத்தால் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக இழுத்து வெளியே எடுப்பதற்குள் வியர்த்துவிட்டது. பெரிய கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர், நானோவுக்கு 0.67. இந்தத் துளி வித்தியாசத்தைத்தான் மறந்திருந்தேன். கார்டின் பின்பக்கத்தை (தகட்டுப் பக்கத்தை அல்ல!) உப்புத்தாளில் மெதுவாகத் தேய்த்துத் தேய்த்துப் போட்டுப் பார்த்தேன். இந்த முறை வழுக்கிக்கொண்டு போனது.

திரையில் 'சிம் இல்லை'.

வெளிச்சத்தில் பார்த்தால், வெட்டிய விளிம்பில் முடி போல ஒரு உலோகப் பிசிறு பக்கத்துத் தொடுமுனையைத் தொட்டுக்கொண்டு நின்றது. நகவெட்டியின் அரத்தால் ஒரு தேய்ப்பு, அழிரப்பரால் ஒரு துடைப்பு. சிக்னல் கம்பிகள் ஒவ்வொன்றாக எழுந்தன. தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

சில நாள் கழித்து சிக்னல் விட்டுவிட்டு வர, கடைசியில் சிம் நிறுவனத்திடம் மாற்று கார்டே கேட்டேன். "கார்டுக்குப் பின்னால இருக்கிற நம்பர் சொல்லுங்க" என்றார்கள். ஏறக்குறைய 20 இலக்கம். கொஞ்சத்தை உப்புத்தாள் தின்றுவிட்டது, மீதி வெட்டிப்போட்ட துண்டுகளில். வெட்டுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால், அன்று குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்த்துத் தேடியிருக்க வேண்டாம்.