ஆளில்லாத வீட்ல ராமென்தான் ராஜபோஜனம்

வீட்ல எல்லாரும் ஊருக்குப் போயாச்சு. ஃப்ரிட்ஜ்ல மாவு இருக்கு, சாம்பார் இருக்கு, "தோசை ஊத்திக்கோடா, கண்டதையும் திங்காத"ன்னு அம்மா போன்லயும் சொல்லியாச்சு, ஆனா ஒத்த ஆளுக்காக தோசைக்கல்ல காய வைக்க யாருக்குங்க மனசு வரும். காலைல டீயும் மிக்சரும், மதியம் மிச்ச மிக்சர், ராத்திரிக்கு ராமென், அதான் அந்த ஜப்பான் நூடுல்ஸ்.

இந்த இன்ஸ்டன்ட் ராமென கண்டுபிடிச்ச மோமோஃபுகு ஆண்டோ, ஒசாகா பக்கம் இகேடாங்கிற ஊர்ல, வீட்டுக்குப் பின்னாடி ஒரு கொட்டகைல கெடந்து மல்லுக்கட்டுனவரு. நூடுல்ஸ எண்ணெய்ல பொரிச்சா உள்ள இருக்க தண்ணி ஆவியாகி குட்டி குட்டியா ஓட்டை விழுந்துரும், அப்புறம் சுடுதண்ணி ஊத்துனா அது வழியா ஏறி மெத்துனு ஆயிடும், இதான் விஷயம். 1958ல சிக்கன் ராமென், 1971ல கப் நூடுல்ஸ். மனுசன் 96 வயசு வரைக்கும் இருந்தாரும்மான்னு சொன்னா, "அவரு வீட்ல சமைச்சுப் போட ஆள் இருந்திருக்கும்"ங்கிறாங்க.

நம்ம பக்குவம் என்னன்னா, பாக்கெட் மசாலா பாதிதான், கொதிக்கறப்ப முட்டைய உடைச்சு ஊத்தி கலக்காம மூடிரணும், மஞ்சக்கரு லேசா ஓடுற பதத்துல எறக்கி, வெங்காயத்தாள் தூவி ரெண்டு சொட்டு நல்லெண்ணெய். சிரிக்காதீங்க, ஜப்பான்காரனும் எள்ளெண்ணெய்தான் ஊத்துறான், என்ன, அவன் எள்ள வறுத்து ஆட்டுறான். அங்க சர்ருனு சத்தமா உறிஞ்சி சாப்டாலும் யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க, நமக்கோ பாக்கவே ஆளில்ல, சட்டியோடயே ஆரம்பிச்சாச்சு.