டிரைகிளிசரைடு மாத்திரையும் நானும்

எனக்கு டிரைகிளிசரைடு, அதாவது ரத்தத்தில் இருக்கும் ஒருவகைக் கொழுப்பு, 7.2 என்று ரிப்போர்ட் வந்தது. மலேசியாவில் இதை மில்லிமோல் கணக்கில் எழுதுவார்கள், 1.7-க்குக் கீழே இருப்பது நல்லது. 5.6-ஐத் தாண்டினால், அதாவது இந்தியாவில் சொல்லும் 500 மில்லிகிராமைத் தாண்டினால், கணையம் திடீரென வீங்கும் ஆபத்து உண்டு என்று டாக்டர் சொன்னார். வெறும் வயிற்றில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை, தைராய்டு கோளாறுகளும் இதை ஏற்றும் என்பதால் அவற்றையும் பார்த்தார்கள். அப்புறம்தான் மாத்திரை.

முதலில் எழுதிக் கொடுத்தது ஜெம்ஃபிப்ரோசில். பினாங்கு ஜார்ஜ்டவுனில் மருந்து வாங்கப் போனபோது, அரசாங்க கிளினிக்கில் கொலஸ்ட்ராலுக்கு வாங்கும் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். மருந்தாளர் தமிழ்ப் பெண். அட்டையைத் திருப்பி சிம்வாஸ்டாட்டின் என்ற பெயரைப் பார்த்ததும், "அண்ணே, இது ரெண்டும் சேரவே கூடாது, தசை கெட்டுப் போகும்" என்று சொல்லி, என் எதிரிலேயே டாக்டருக்குப் போன் போட்டார். ஃபெனோஃபைபிரேட் என்று மாற்றித் தந்தார்கள். இதையும் ஸ்டாட்டினோடு (சிம்வாஸ்டாட்டின் போன்ற கொலஸ்ட்ரால் மாத்திரைகளோடு) சாப்பிடும்போது கவனம் தேவைதான், ஆனால் ஆபத்து அதைவிடக் குறைவாம். அந்த போன் மட்டும் இல்லையென்றால் இரண்டையும் சேர்த்தே விழுங்கியிருப்பேன். இரண்டு இடத்தில் மருந்து வாங்குபவர்கள் தயவுசெய்து எல்லா அட்டைகளையும் காட்டுங்கள்.

காரணமில்லாமல் தொடை, தோள் வலித்தாலோ, சிறுநீர் தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரச் சொன்னார் டாக்டர். வலது விலாவுக்குக் கீழே வலித்தாலும் சொல்ல வேண்டும், பித்தப்பையில் கல் வரலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறேனா என்றும் கேட்டார். அதன் வேகத்தை இது கூட்டிவிடுமாம்.

எனக்குத் தந்த வகையைச் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் உடம்பில் சரியாகச் சேராது. தைப்பூச விரதத்தில் எனக்கு ஒருவேளைச் சாப்பாடுதான். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன். அந்த ஒருவேளையோடு எடுக்கலாம், மறந்துபோனால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது என்றார்.

சீன மருந்துக் கடையில் கிடைக்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசியைச் சாப்பிடச் சொல்லி ஒரு நண்பர் வற்புறுத்தினார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அதிலேயே ஸ்டாட்டின் போன்ற பொருள் இருக்கிறது, என் கொலஸ்ட்ரால் மாத்திரையோடு சேர்ந்தால் அளவு கூடிவிடும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் அளவு, கொஞ்சம் ஏறியிருந்தது. பயந்துதான் போனேன். இந்த மருந்துக்கு அப்படி ஏறுவது உண்டு, பெரும்பாலும் நிறுத்தினால் இறங்கிவிடும், ஆனாலும் கண்காணிக்க வேண்டும் என்று டாக்டர் விளக்கினார். மறுபடி எடுத்துப் பார்த்தபோது அதற்கு மேல் ஏறவில்லை. கல்லீரல் அளவும் சரியாக இருந்தது.

டின்பால் ஊற்றிய தே தாரிக்கை விட்டு, இரவுச் சோற்றையும் குறைத்தேன். இப்போது 2.1. மாத்திரையை நிறுத்தலாமா என்று நானாக முடிவெடுக்கவில்லை. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது பேசுவோம் என்று இருக்கிறேன்.